வேதாளர் நாவல்: சுங்கை சிப்புட் வாசகர்கள் கேட்டவையும் சொன்னவையும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் புத்தகம் பேசுகிறோம். அண்மையில் எடுத்துக்கொண்டது காமிக்ஸ் நாயகன் வேதாளரைப் பற்றிய ஓர் உரைநடை நாவல். கூட்டம் முடிந்த பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், பசாரில் மீன் வாங்கும்போது கேட்டார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் சொன்னது எது, என் சொந்தக் கருத்து எது என்பதை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

நீங்கள் பேசியது எந்தப் புத்தகம்?

லீ ஃபால்க் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் த ஃபேண்டம்'. ஃபேண்டம் என்பது வேதாளரின் ஆங்கிலப் பெயர். 1972இல் அமெரிக்காவின் ஏவன் பதிப்பகம் வெளியிட்டது. அதில் தொடங்கி 1975 வரை வேதாளரை வைத்து 15 நாவல்கள் வந்தன. அவற்றில் ஐந்தை மட்டுமே ஃபால்க் எழுதினார், மற்றவை வேறு எழுத்தாளர்கள் எழுதியவை. எங்கள் புத்தகம் வரிசையில் முதலாவது.

இந்த ஃபால்க்தான் வேதாளரைப் படைத்தவர். 1936 பிப்ரவரி 17ஆம் தேதி அமெரிக்க நாளிதழ்களில் படத்தொடராக வேதாளர் தொடங்கியபோது அவருக்கு 24 வயது. அதற்கு முன்பே, 1934இல், மந்திரவாதி மாண்ட்ரேக்கைக் கொண்டுவந்திருந்தார். 1999இல் இறக்கும்வரை இரண்டு தொடர்களையும் விடாமல் எழுதினார். ஓவியர்கள்தான் மாறினார்கள்: முதலில் ரே மூர், அப்புறம் வில்சன் மெக்காய், 1961இலிருந்து சை பேரி. ஆக, நாவல் வந்தபோது வேதாளரோடு அவர் 36 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். யாரோ ஒருவர் கூலிக்கு எழுதிய காமிக்ஸ் கதைச்சுருக்கம் என்று நினைத்து இதைத் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

கதை என்ன?

காட்டு மக்கள் வேதாளரைச் சாவே இல்லாத மனிதர் என்று நம்புகிறார்கள். உண்மையில் அவர் ஒருவர் இல்லை. 1536இல் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்கி எல்லோரையும் கொன்றார்கள். கப்பல் தலைவனின் மகன் மட்டும் உயிரோடு கரை ஒதுங்கினான். பந்தார் என்ற குள்ள மக்கள் அவனைக் காப்பாற்றினார்கள். தன் தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது அவன் சபதம் செய்தான்: கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி இவற்றை ஒழிப்பதற்கே என் வாழ்நாள், எனக்குப் பின் என் மகன்களும் அவர்கள் மகன்களும் இதைத் தொடர்வார்கள். அன்று முதல் அப்பா இறந்தால் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறான். வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

நமக்குக் காமிக்ஸில் பழக்கமானவர் 21ஆவது வேதாளர். கிட் வாக்கர் என்ற சிறுவனாக அவர் வளர்ந்த பிள்ளைப் பருவம்தான் நாவல். மண்டையோட்டுக் குகையில் வளர்வது, குரன் என்ற பந்தார் சிறுவனோடு தோழமை, முன்னோர்கள் எழுதிவைத்த பெரிய ஏடுகள், 12 வயதில் படிப்புக்காக அமெரிக்காவுக்குப் போவது, அங்கே கிளார்க்ஸ்வில் என்ற ஊரில் உறவினர் வீட்டில் தங்குவது, எந்த விளையாட்டில் இறங்கினாலும் முதலாவதாக வருவது, டயானா பாமர் என்ற பெண்ணைச் சந்திப்பது. பிறகு காட்டிலிருந்து அப்பாவைப் பற்றிய செய்தி வருகிறது. முடிவு என்ன என்று காமிக்ஸ் படித்த எவருக்கும் தெரியும், அதனால் மறைக்க ஒன்றுமில்லை. தெரிந்த முடிவை நோக்கி ஒரு பையன் போவதைப் பார்ப்பதில்தான் இந்தப் புத்தகத்தின் சுவையே இருக்கிறது.

வேதாளரா, மாயாவியா? இருவரும் ஒருவர்தானா?

ஆமாம், ஒருவர்தான். முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. முத்துவின் 'இரும்புக்கை மாயாவி' வேறு ஆள். அவர் இங்கிலாந்து காமிக்ஸிலிருந்து வந்தவர். பெயர்க் குழப்பத்தில் எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி கடைசிவரை மின்சாரக் கைக்காகக் காத்திருந்தார், பாவம்.

நாட்டின் பெயரும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆரம்பத்தில் ஃபால்க் கதையை ஆசியாவில் நடப்பதுபோல் வைத்திருந்தார், பின்னாளில் அது ஆப்பிரிக்காவின் பங்கல்லா ஆனது. 1964இல் இந்தியாவில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அதை டெங்காலி என்று மாற்றியது. முதல் வேதாளரின் கப்பலைத் தாக்கிய சிங் கொள்ளையர்கள் அங்கே சிங்கா கொள்ளையர்கள் ஆனார்கள்.

காமிக்ஸே படித்திராதவர் இதை வாசிக்கலாமா?

தாராளமாக வாசிக்கலாம். எங்கள் கூட்டத்தில் இந்த நாவலை அதிகம் ரசித்தவர்களில் ஒருவர் வாழ்நாளில் ஒரு காமிக்ஸ் கூடத் தொடாத அக்கா. அவருக்கு வேதாளர் யார் என்ற முன்கதை தேவைப்படவில்லை, நாவலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. காமிக்ஸ் படித்தவர்களுக்குத்தான் முதலில் கொஞ்சம் சிரமம். வேதாளர் குத்தினால் முத்திரை பதிக்கும் மண்டையோட்டு மோதிரம் யாருடைய தாடையில் பதியப் போகிறது என்று தேடிக்கொண்டே பக்கம் புரட்டுவார்கள். அந்த எதிர்பார்ப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

படமே இல்லாத வேதாளர் சலிக்கவில்லையா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. எங்களுக்குள்ளும் இதில் ஒத்த கருத்து இல்லை.

லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், சிறுவயதில் சிவகாசி காமிக்ஸுக்காகவே காசு சேர்த்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். "பையன் வளர்றதையே எழுதிக்கிட்டு இருக்காரு. குதிரை எப்ப வரும், ஓநாய் எப்ப வரும்னு பாத்தேன். படத்துல ஒரு கட்டத்துல முடிஞ்சு போற சங்கதிக்கு இங்க ரெண்டு பக்கம் ஆகுது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சண்டை வரும் இடங்களில் படம்தான் ஜெயிக்கிறது. ஒரு குத்து, பின்னால் சாயும் ஒரு முரடன், தாடையில் மண்டையோட்டு முத்திரை. இதைக் கண் ஒரு நொடியில் வாங்கிக்கொள்ளும். எழுத்தில் அதே குத்து வரிசையாக வாக்கியங்களில் நடந்து வர வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் நேர் எதிராகப் பேசினார். காமிக்ஸில் குகை என்றால் பின்னால் வரைந்த ஒரு பாறை. நாவலில்தான் அதற்குள் ஒரு குழந்தை தூங்கி எழுகிறது, விளையாடுகிறது, பயப்படுகிறது என்றார் அவர். படத்தில் வேதாளரின் கண்ணை நாம் பார்த்ததே இல்லை, முகமூடிக்குள் வெறும் வெள்ளைதான். நாவல் அந்த வெள்ளைக்குப் பின்னால் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. நான் அந்தத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பக்கம்.

நிறத்தைப் பற்றி ஒரு செய்தி சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஃபால்க் தன் நாயகனுக்கு மனத்தில் வைத்திருந்த நிறம் சாம்பல். 1939இல் ஞாயிறு பக்கங்களில் வண்ணத்தில் அச்சானபோது அது ஊதா ஆகிவிட்டது, அதுவே நிலைத்தது. சுவீடனில் அவர் நீலம், இத்தாலியில் சிவப்பு. எழுத்தில் அவர் எந்த நிறம் என்பதை வாசிப்பவரே வைத்துக்கொள்ளலாம். எங்களில் எவருக்கும் சாம்பல் வரவில்லை. கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், விடியற்காலையில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் சாம்பல் உடுப்பு ஏன் நல்லது என்று உடனே புரிந்தது. அந்த வெளிச்சத்தில் அசையாமல் நின்றால் ஆள் இருப்பது தெரியாது.

தமிழ் வாசகருக்கு இந்தப் படம்–எழுத்து விவகாரம் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது மணியம் வரைந்த படங்களோடுதான் மக்கள் வாசித்தார்கள். படமே இல்லாத மலிவுப் பதிப்பில் அதைப் படிக்கும் இன்றைய பிள்ளைகள் வந்தியத்தேவனைத் தாங்களாகவே உருவாக்கிக்கொள்கிறார்கள். குறை ஒன்றும் இல்லையே.

வேதாளரும் ஒரு வெள்ளைக்காரத் துரைதானே? இதை ஏன் நாம் கொண்டாட வேண்டும்?

ஒரு இளைய வாசகி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி, அன்றைய கூட்டத்தில் பாதி நேரம் இதற்கே போனது.

அவர் வாதம் இதுதான்: காட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் 400 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. சுற்றியுள்ள மக்களுக்கு அவர்தான் நீதி, அவர்தான் காவல். அந்த மக்கள் தங்களைத் தாங்களே ஆள முடியாதவர்கள் போல நிற்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பெரிய துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்து வழக்குத் தீர்த்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதை நம் ஊரில் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை ஒட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. துரை என்ற சொல்லை இங்கே ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. சம்பளத்தைப் பிடித்த துரையும் உண்டு, பிரசவத்துக்குத் தன் காடியை (காரை) அனுப்பிய துரையும் உண்டு. கூட்டத்தில் இரண்டு வகைக் கதைகளும் வந்தன. நல்ல துரை கதையைச் சொன்ன பெரியவரிடம் அந்த வாசகி, "ஐயா, நல்லவரா இருந்தது சரி. அவரைக் கேள்வி கேக்க உங்களுக்கு முடிஞ்சிச்சா?" என்று கேட்டார். பெரியவர் யோசித்துவிட்டு, "முடியாதும்மா" என்றார்.

வேதாளர் பக்கம் பேசியவர்களுக்கும் ஆதாரம் இருந்தது. முதல் வேதாளரைப் பந்தார் மக்கள்தான் காப்பாற்றினார்கள். அப்போது அவர்கள் வாசக்கா என்ற கூட்டத்துக்கு அடிமைகள். அந்த அடிமைத்தனம் ஒழிய அவர் துணை நின்றார். அவருக்குத் தோட்டம் இல்லை, லாபம் இல்லை, ஆள் பிடிக்கும் வேலை இல்லை. அவர் சபதம் எடுத்ததே பேராசைக்கு எதிராக. அப்புறம், ஃபால்க்கும் காலத்தோடு மாறினார். 1960களில் ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை அடைந்துகொண்டிருந்தபோது, தன் தொடரில் பங்கல்லாவுக்கு லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவரைக் குடியரசுத் தலைவராகக் கொண்டுவந்தார். வேதாளர் அவருக்கு நண்பர், மேலாளர் அல்ல.

என் கருத்து: இளைய வாசகி சொன்னதுதான் சரி, ஆனால் அதனால் புத்தகத்தை மூடிவிட வேண்டியதில்லை. பந்தார் மக்களைப் பற்றி ஃபால்க் அன்போடு எழுதுகிறார். குரனை அவர் வேலைக்காரனாக எழுதவில்லை. இருந்தும், அந்தக் காட்டில் முடிவெடுக்கும் நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அது மண்டையோட்டு அரியணை. குரன் பார்வையில் யாராவது இந்தக் கதையை எழுதினால் முதல் ஆளாக வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அப்பா தொழிலை மகன் எடுத்துக்கொள்வது பற்றி உங்கள் கூட்டத்தில் பெரிய பேச்சு நடந்ததாமே?

நடந்தது. நாங்கள் இந்த நாவலைப் பேசியதன் பயனே அதுதான் என்று நினைக்கிறேன்.

காமிக்ஸில் இந்த வாரிசு விஷயம் ஒரு பெருமை. 21 தலைமுறை, அறாத சங்கிலி, வேதாளருக்குச் சாவில்லை. முகமூடி மாட்டியவர் வாழ்க்கையில் பாதியில் நாம் உள்ளே வருகிறோம், அதனால் கேள்வி எழுவதில்லை. நாவலில் முகமூடி மாட்டுவதற்கு முந்திய பையனோடு பக்கம் பக்கமாக இருந்துவிடுகிறோம். அவனுக்குக் கிளார்க்ஸ்வில் பிடித்திருக்கிறது. விளையாட்டில் அவனுக்கு முன்னால் பெரிய வாசல்கள் திறக்கின்றன. ஒரு பெண்ணை நேசிக்கிறான். எதை வேண்டுமானாலும் செய்யக்கூடியவன். ஒரு செய்தி வருகிறது, அவ்வளவையும் விட்டுவிட்டுப் போகிறான். "போகாதே" என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வந்தது.

கூட்டத்தில் இந்த இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், நான் முன்பு சொன்ன, காமிக்ஸ் தொடாத அக்கா. ரப்பர் மரம் சீவும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் (பிரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது, கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், பால் என்றால் ரப்பர் பால்):

"எனக்குப் பதினாறு வயசு. அப்பா படுத்துட்டாரு. வேலைக்கு ஆள் இல்லன்னா வீடு போயிடும், வீடு தோட்டத்தோடது. மறுநாள் காலையில பிரட்டுக்குப் போனேன். கிராணி புத்தகத்துல அப்பா பேரை ஒரு கோடு போட்டு அடிச்சாரு, பக்கத்துல என் பேரை எழுதினாரு. நம்பர் அதேதான். அப்புறம் பால் எடை போடுறப்ப அந்த நம்பரைத்தான் கூப்பிட்டாங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து கூப்பிட்ட நம்பர்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் பேசினார்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன, அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த மரங்களின் வழி வந்த தோட்டங்களில் நம் ஆட்கள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் குடியிருந்தார்கள். வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் கூரை. ஆகவே அப்பாவின் உளியும் வாளியும் பிள்ளை கைக்கு வந்ததில் விருப்பு வெறுப்புக்கு அதிக இடமில்லை. பிறகு 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அந்த வாரிசுரிமையும் போனது. வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. நம்மூர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (வெள்ளி என்பது இங்கத்துப் பணம்) சேர்த்துத் தோட்டங்களை வாங்கியதன் காரணம் அதுதான்.

இதையெல்லாம் தெரிந்தவர்கள் வேதாளர் சபதத்தை வாசித்தால் வேறு மாதிரிதான் கேட்கும். "எனக்குப் பின் என் மகன்களும் அவர்கள் மகன்களும்" என்று முதல் வேதாளர் சொல்கிறார். இன்னும் பிறக்காத பிள்ளைகள் பெயரில் ஒரு மனிதன் கையெழுத்துப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் மறுத்தார்: அந்தப் பையன் கட்டாயத்தில் போகவில்லை, சின்ன வயதிலிருந்தே ஏடுகளைப் படித்து வளர்ந்தவன், தாத்தாக்களை எல்லாம் அவனுக்குத் தெரியும், அவர்கள் மேல் உள்ள அன்பில் போகிறான். எங்கள் தாத்தாக்களைப் பற்றி எங்களுக்கு அப்படி ஒரு ஏடு யார் எழுதி வைத்தார்கள், எங்களிடம் இருந்தது நம்பர் மட்டும்தானே என்று அக்கா கேட்டார்.

அந்த இடத்தில்தான் எனக்கு நாவல் முழுசாகத் திறந்தது. வேதாளர் குடும்பத்தையும் அக்கா குடும்பத்தையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான்: ஆள் மாறுகிறார், பெயர் மாறவில்லை, மாறியது யாருக்கும் தெரியவில்லை. உள்ளே பெரிய வேறுபாடு. மண்டையோட்டுக் குகையில் ஒவ்வொரு வேதாளரும் தான் கண்டதைத் தன் கையால் எழுதிவைக்கிறார். மகன் அதை வாசித்துவிட்டுத்தான் முகமூடியைத் தொடுகிறான். கிராணியின் செக்ரோல் புத்தகத்தில், அதாவது ஆள் பதிவேட்டில், அப்பா பெயர் மேல் ஒரு கோடு மட்டும். ஃபால்க் தோட்டத்தை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் பையன் ஏடுகளைப் படிக்கும் பகுதியை அவர் அவசரமில்லாமல் எழுதியிருப்பதால்தான் எங்களுக்கு இது தெரிந்தது. காமிக்ஸில் அந்த ஏடுகள் பின்னணியில் அடுக்கி வைத்த தடித்த புத்தகங்கள், கதை சொல்ல ஒரு சாக்கு.

12 வயதில் காட்டை விட்டுப் போகும் பகுதி பலருக்குப் பிடித்ததாமே?

பிடித்தது. ஆறாம் ஆண்டு முடித்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியை விட்டு, டவுனில் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போனவர்கள் எங்கள் கூட்டத்தில் நிறைய பேர். அதுவும் அதே 12 வயதுதான். திடீரென்று எல்லாப் பாடமும் வேறு மொழியில். சிலர் அத்தை வீட்டில், மாமா வீட்டில் தங்கிப் படித்தவர்கள். "கிட் வாக்கர் முதல் வருசத்துலயே எல்லாத்துலயும் ஜெயிக்கிறான், நமக்கு முதல் வருசம் எழுத்து கூட்டிப் படிக்கவே சரியா இருந்துச்சு" என்றார் ஒருவர். இந்தப் பகுதியில் ஃபால்க் பையனுக்கு எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டார் என்பது என் குறை. எந்தப் பந்தயத்திலும் தோற்காத பிள்ளையை நெருங்கிப் பார்க்க முடிவதில்லை. ஒருமுறையாவது அவன் தடுமாறியிருக்கலாம்.

பெண்களுக்கு இந்தக் கதையில் என்ன இடம்?

குறைவு. டயானா பின்னாளில் தொடரில் ஐ.நா.வில் வேலை பார்க்கும், துணிந்து காட்டுக்குள் இறங்கும் பெண்ணாக வளர்கிறாள். இந்த நாவலில் அவள் ஒரு பிரிவுக்குக் காரணம், அவ்வளவே. சபதத்தில் "மகன்கள்" என்று இருப்பதைப் பெண் வாசகர்கள் எல்லோரும் சுட்டிக்காட்டினார்கள். தொடரில் ஒரு தலைமுறையில் வேதாளரின் சகோதரி ஜூலி அந்த உடையை அணிந்து அண்ணன் வேலையைப் பார்த்த கதை உண்டு. 1977இல் வேதாளருக்கும் டயானாவுக்கும் கல்யாணம் ஆகி, 1979இல் இரட்டையர் பிறந்தபோது ஒன்று ஆண், ஒன்று பெண். அந்தப் பெண்ணின் பெயர் ஹெலோயிஸ். அடுத்து யார் என்ற கேள்வி அன்றிலிருந்து திறந்தே கிடக்கிறது. பிரட்டுக்குப் போன 16 வயதுப் பெண்ணை அறிந்த ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை.

ஆங்கிலம் கடினமா?

இல்லை. எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) அளவு ஆங்கிலம் போதும். ஃபால்க் நாடக அரங்குகள் நடத்தியவர், நாடகங்களை இயக்கியவர். உரையாடல் பேச்சு நடையில் இருக்கும், வாக்கியங்கள் நீளாது. எங்கள் கூட்டத்தில் ஆங்கிலம் வாசிக்காதவர்களுக்காக முக்கியமான பகுதிகளை மாற்றி மாற்றித் தமிழில் சொன்னோம். சொல்லக் கேட்டவர்கள்தான் அதிகம் விவாதித்தார்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

13 வயதுக்கு மேல் கொடுக்கலாம். கொலை உண்டு, அதை ரசித்து எழுதவில்லை. பந்தார் மக்களை வருணிக்கும் இடங்களில் பழைய காலத்துப் பார்வை எட்டிப் பார்க்கும், அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

1972 பதிப்பு பழைய புத்தகக் கடைகளில் அபூர்வமாகக் கண்ணில் படும். ஜார்ஜ் வில்சன் தீட்டிய அட்டை என்பதால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். ஹெர்மஸ் பிரஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் இந்த வரிசையை மறுபதிப்பு செய்திருக்கிறது, இணையத்தில் வாங்கலாம். நாங்கள் ஒரு பிரதியைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் வாசித்தோம், அதனால்தான் கூட்டம் ஒரு மாதம் தள்ளிப்போனது.

காமிக்ஸ் நாயகனை நாவலாக்குவது வெறும் வியாபாரம்தானே?

வியாபாரமும்தான். 1970களில் அமெரிக்காவில் சட்டைப்பை அளவு நாவல்கள் கொத்துக் கொத்தாக விற்றன, பதிப்பகங்கள் தெரிந்த பெயர்களைத் தேடின. ஆனால் இந்த வழக்கம் அதற்கும் முந்தியது. 1942இலேயே ஜார்ஜ் லோதர் சூப்பர்மேனை நாவலாக எழுதினார். அந்த நாவலில் வந்த ஜோர்-எல், லாரா என்ற பெயர் வடிவங்கள்தான் பிறகு சூப்பர்மேனின் பெற்றோருக்கு நிலைத்த பெயர்களாயின. நாவல் காமிக்ஸிடம் கடன் வாங்கியது, காமிக்ஸும் நாவலிடம் வாங்கிக்கொண்டது. காசுக்காகத் தொடங்கியதா என்று பார்ப்பதைவிட, எழுதியவர் தன் ஆளை அக்கறையோடு எழுதியிருக்கிறாரா என்று பார்க்கலாம். ஃபால்க் எழுதியிருக்கிறார். வரிசையில் மற்றவர்கள் எழுதியவற்றைச் சாகசக் கதையாக வாசியுங்கள், இந்த ஒன்றைக் குடும்பக் கதையாக வாசியுங்கள்.

பிடிக்கவில்லை என்று சொன்னவர்களும் உண்டா?

லோரி அண்ணனைச் சொன்னேன். இன்னொருவர் முழுசாக வாசித்துவிட்டு, குகையும் சபதமும் சிறுவயதில் மர்மமாக இருந்தவரைதான் அழகு, நாவல் எல்லாவற்றையும் விளக்கி அந்த மர்மத்தைக் கொன்றுவிட்டது என்றார். வேதாளர் குரல் கேட்டால் புலியின் ரத்தமும் உறைந்துபோகும் என்று தொடரில் ஒரு காட்டுப் பழமொழி வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சின்ன வயதில் பள்ளி விளையாட்டில் ஓடியதைத் தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். நான் ஏற்கவில்லை, ஆனால் அவர் இழந்தது என்ன என்பது எனக்கும் தெரியும். அவரிடம் பழைய காமிக்ஸ் இருக்கின்றன, அவை அப்படியேதான் இருக்கும்.

அடுத்து என்ன வாசிக்கிறீர்கள்?

ஃபால்க் எழுதிய மற்ற நான்கில் ஒன்றை எடுக்கலாம் என்று பாதிப் பேர், காமிக்ஸ் போதும் என்று மீதிப் பேர். இடையில் அக்கா ஒரு யோசனை சொன்னார், அதுவே முடிவானது. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் அப்பாவோ அம்மாவோ செய்த வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும். தமிழோ மலாயோ, எந்த மொழியானாலும் சரி. எழுத வராதவர்கள் சொன்னால் நான் எழுதித் தருகிறேன். வர விரும்புகிறவர்கள் எங்களில் யாரைப் பார்த்தாலும் கேளுங்கள், நாளும் இடமும் சொல்லுவார்கள்.